மேரி அரசியாரின் படுக்கைத் துணிகள்

1694ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு லண்டனை அடுத்த கென்சிங்டன் அரண்மனையின் சலவைக் கூடத்தில் பதினொரு பெண்கள் இருந்தோம். இரண்டு கொப்பரைகள் கொதித்துக்கொண்டிருந்தன. மூன்றாவதில் அப்போதுதான் சாம்பல் நீர் ஊற்றப்பட்டிருந்தது. அரண்மனை எழுத்தர் க்ளெமென்ட் வாரிங் வாசற்படியைத் தாண்டி உள்ளே வராமல் நின்றபடி கையிலிருந்த தாளைப் படித்தார். மேரி அரசியாருக்குக் கண்டிருப்பது பெரியம்மையாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுறுகிறார்கள். அரண்மனையில் இருப்போரில் இதுவரை பெரியம்மை காணாதவர் எவராயினும், சீமாட்டியாயினும் அடுப்பெரிப்பவராயினும், இன்று நண்பகலுக்குள் வெளியேறிவிட வேண்டும். இது அரசியாரின் ஆணை.

அரசியார் வியாழக்கிழமை முதல் காய்ச்சலில் இருந்தார். உடல் நலமில்லை என்று உணர்ந்ததும் அவர் முதலில் செய்தது, தனியறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தம் காகிதங்களை ஒழுங்கு செய்ததுதான். எரிக்க வேண்டியவற்றை எரித்தார். வைக்க வேண்டியவற்றைக் கட்டி வைத்தார். அதன் பிறகே படுத்தார். படுத்தபின் அவர் இட்ட ஆணை இது. நோயாளியைப் பற்றிச் சுற்றியிருப்பவர்கள் கவலைப்படுவது இயல்பு. தன் விரிப்பை வெளுப்பவளுக்கு என்ன ஆகும் என்று நோயாளியே கவலைப்பட்டதை நான் அறுபத்திரண்டு வயதில் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

நான் உர்சுலா பென்ஹாலோ. அரண்மனைப் படுக்கைத் துணிகள் அனைத்தும் என் பொறுப்பில் இருந்தன. எத்தனை விரிப்புகள், எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு என்னால் சொல்ல முடியும்.

வாரிங் படித்து முடித்தார். கிரிசெல் டாப் துணி கிளறும் துடுப்பைக் கொப்பரையிலிருந்து எடுத்து, நீர் வடியும் வரை பிடித்துக்கொண்டு நின்றாள். ஐம்பது வயதைக் கடந்தவள். முகம் முழுவதும் அம்மைத் தழும்பு.

"அப்ப நான் போக வேண்டியதில்ல," என்றாள். "இந்த மூஞ்சியப் பாத்துட்டு ஒருத்தனும் என்னைக் கட்டிக்க வரல. இன்னிக்குத்தான் இதுக்கு ஒரு மரியாதை வந்திருக்கு."

"எத்தனை பேர் மிஞ்சுவாங்க, பென்ஹாலோ அம்மா?" என்று கேட்டார் வாரிங். "மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா விரிப்பு மாத்தணும்னு வைத்தியருங்க சொல்லிட்டாங்க. அரசர் வேற அந்த அறையிலேயே மடக்குக் கட்டில் போட்டுப் படுத்திருக்கார்."

நான் பணியாளர் பதிவேட்டை எடுத்தேன். படுக்கைத் துணியைத் தொடுகிறவளுக்கு முகத்தில் தழும்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் அவளுக்குப் பெரியம்மை வந்துபோனது என்று ஊர்ப் பாதிரியார் எழுதிய கடிதம் இருக்க வேண்டும். அது நான் வகுத்த விதி. மேசைத் துணி வெளுப்பவர்களுக்கு அந்த விதி இல்லை. பதினொரு பேரில் மேசைத் துணிக்காரிகளான ஏழு பேரும் அம்மை காணாதவர்கள். அவர்கள் ஏப்ரனை அவிழ்த்துவிட்டார்கள். எஞ்சியவர்கள் நான்கு பேர்: நான், கிரிசெல், கை வெந்து கட்டுப் போட்டிருந்த ஒருத்தி, தாமசின் கோப். கட்டுப் போட்டிருந்தவளைக் கணக்கில் சேர்க்க முடியாது.

"மூணு பேர்," என்றேன்.

"மூணு பேர்னு மேல சொல்லிடறேன்," என்று வாரிங் போனார்.

தாமசினைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வயது. இஸ்திரி போடுவதில் அவளுக்கு நிகராக நான் ஒருத்தியைப் பார்த்ததில்லை. தலையணை உறையின் விளிம்புப் பின்னலில் ஒரு கண்ணிகூட நசுங்காது. அவளுடைய முகத்தில் ஒரு புள்ளியும் கிடையாது. ஆனால் அவளிடம் கடிதம் இருந்தது. கணவன் ஏமஸ் கடற்படை வீரன். 1692 மே மாதம் பிரெஞ்சுக் கப்பற்படையை நம்மவர்கள் எரித்த போரில் அவனுக்கு வலது கால் முழங்காலோடு போயிற்று. காயம்பட்டவர்கள் கரைக்கு வந்து சேர்வதற்கு முன்பே அரசியார் லண்டனிலிருந்து ஐம்பது அறுவை மருத்துவர்களைத் துறைமுகத்துக்கு அனுப்பிவைத்திருந்தார். அந்த ஐம்பதில் ஒருவர் காலை அறுத்ததால்தான் ஏமஸ் உயிரோடு இருந்தான். அரசியார் அத்துடன் நிறுத்தவில்லை. கிரீனிச் அரண்மனையை ஊனமுற்ற மாலுமிகளின் இல்லமாக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அதற்கான சாசனம் 1694 அக்டோபரில்தான் முத்திரையிடப்பட்டிருந்தது.

அந்தப் போருக்குப் பிறகு தாமசின் என்னிடம் வேலைக்கு வந்தாள். அரசியாரின் பிறந்தநாளான ஏப்ரல் முப்பதாம் தேதி தேவாலய மணிகள் ஒலிக்கும்போது அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காருவாள். அரசியார் பிறந்த அதே வாரத்தில் பிறந்தவள் என்பது அவளுடைய பெருமை. "மணி உனக்கில்லடி, அவங்களுக்கு," என்பாள் கிரிசெல். "எனக்கும் கொஞ்சம் கேக்குதே," என்பாள் இவள்.

நாங்கள் அரசியாரை நேரில் பார்த்தது அரிது. ஆனால் அவருடைய துணிகளை நாள்தோறும் பார்த்தோம். ஒருவரை அறிய அது போதும் என்பது என் கருத்து. ஒவ்வொரு கோடையிலும் அரசர் கடல் கடந்து போருக்குப் போவார். நாடு அரசியாரின் கையில் இருக்கும். அரசர் திரும்பிய அன்றே அதை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, அரசியார் தம் பூச்செடிகளுக்கும் சீனக் கிண்ணங்களுக்கும் திரும்பிவிடுவார். 1690 கோடையில் பிரெஞ்சுக் கப்பல்கள் தெற்குக் கரைக்கு எதிரே வந்து நின்றன. லண்டனில் பாதிப் பேர் பெட்டி கட்டினார்கள். அந்த வாரங்களில் அரசியாரின் சட்டைக் கைகள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மை படிந்து வந்தன. விரிப்பின் மடிப்புகளில் பட்டு நூல் துண்டுகள் எப்போதும்போலக் கிடந்தன. வண்டியில் போகும்போதுகூட அவர் கை நூலை முடிந்துகொண்டே இருக்கும். படுக்கையில் ஓரம் மட்டுமே கசங்கியிருந்தது. அவர் அஞ்சினாரா என்று நாட்டுக்குத் தெரியவில்லை. அவர் உறங்கவில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. உறங்காதவர் ஒருநாளும் நேரம் கழித்து எழவில்லை என்பதும் தெரிந்தது. அந்தக் கோடைக்குப் பிறகு நான் எந்த அரசரையும் அவருக்கு இணையாக எண்ணியதில்லை.

வாரிங் போனதும் பதிவேட்டை மூட வேண்டும். மூடுவதற்கு முன் நான்கு பெயர்களையும் மறுபடி படித்தேன். எதையும் இரண்டு முறை படிப்பது என் வழக்கம். தாமசினின் பெயருக்கு எதிரே என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'கென்ட், ஆஷ்கோம்ப் ஊர்ப் பாதிரியாரின் கடிதம். கிரெகரி ரீவின் மகள் தாமசின், 1659ஆம் ஆண்டு கோடையில் பெரியம்மை கண்டு தேறியவள்.'

அந்த ஆண்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பதிவேட்டை மூடாமலே கையில் எடுத்துக்கொண்டு இஸ்திரி அறைக்குப் போனேன்.

தாமசின் தலையணை உறை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தாமசின், நீ பொறந்த வருஷம் என்ன?"

"என்னம்மா புதுசா கேக்குறீங்க. ராணியம்மா பொறந்த அதே வருஷம். அவங்க ஏப்ரல் முப்பது, நான் இருபத்தெட்டு. ரெண்டு நாள் மூத்தவ."

"அது அறுபத்திரண்டு."

"ஆமா."

"அம்பத்தொம்பதுல உனக்கு அம்மை வந்துதுன்னு கடுதாசி சொல்லுது. பொறக்குறதுக்கு மூணு வருஷம் முன்னாடி எப்படிம்மா வந்துது?"

அவள் இஸ்திரிப் பெட்டியைத் துணியிலிருந்து தூக்கித் தாங்கியின்மேல் வைத்தாள். உறை கருகாமல் பார்த்துத்தான் வைத்தாள்.

"அது எங்க அக்கா," என்றாள். "மூத்தவ. அவ பேரும் தாமசின்தான். மூணு வயசுல அம்மையில போயிட்டா. அப்புறம் நான் பொறந்தேன். அப்பாவுக்கு அந்தப் பேரை விட மனசில்ல."

இது எங்கள் ஊர்களில் எவருக்கும் புதிதன்று. இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறப்பதற்கு வைப்பார்கள். என் தம்பியரில் இருவர் நிக்கோலஸ். முதலாமவன் தொட்டிலிலேயே போய்விட்டான். இந்த வழக்கத்தை அறிந்தே வளர்ந்த நான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடிதத்தின் முத்திரையை மட்டும் உற்றுப் பார்த்தேன், ஆண்டைப் பார்க்கவில்லை. ஒவ்வோர் ஏப்ரலிலும் அவள் பிறந்த ஆண்டைக் காதால் கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

"பாதிரியார் தெரிஞ்சேவா இப்படி எழுதினார்?"

"அவர் ஊருக்குப் புதுசு. பழைய பாதிரியார், அம்மை கண்ட வீடுகளுக்கு ஜெபம் பண்ணப் போன நாளெல்லாம் குறிச்சு வெச்சிருந்தார். இவர் அதைத் தேடி எடுத்து, ரீவ் வீட்டுத் தாமசின், இதோ இருக்கேன்னு சந்தோஷமா எழுதினார். செத்தவங்க பேரு வேற புத்தகத்துல இருக்கும். அதை அவர் தொறக்கல."

"நீயும் சொல்லல."

"சொல்லல." அவள் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "அப்ப ஏமஸுக்குக் கால் இன்னும் ஆறல. ரெண்டு பிள்ளைங்க. நான் வாயத் தொறக்கல, அவ்வளவுதான்."

"வியாழக்கிழமைத் துணி யார் நனைச்சது?"

"நான்தான்."

"நேத்து?"

"நேத்தும்தான். கொதிக்க வெக்கறதுக்கு முன்னாடி கையால முக்கினது நான்தான்."

நான் பதிவேட்டை மேசைமேல் வைத்தேன். எழுத்தில் ஏற்பட்ட பிழையைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம். இந்தப் பிழை இரண்டு நாள் அம்மைத் துணியில் கையை விட்டு நின்றிருக்கிறது.

"நண்பகலுக்குள்ள நீ போகணும்," என்றேன்.

"போக மாட்டேம்மா."

இதற்குள் வாரிங் திரும்பி வந்துவிட்டார். அறைக்கதவு திறந்திருந்ததால் பாதியைக் கேட்டுவிட்டார். மீதியை நான் சொன்னேன். அவர் நல்ல மனிதர். ஆனால் ஒருமுறை சொன்ன எண்ணிக்கை மாறுவது அவருக்குப் பல்வலி போன்றது.

"கடிதத்துல பாதிரியார் முத்திரை இருக்கு," என்றார். "ஏட்டுல உங்க கையெழுத்து இருக்கு. மூணு பேர்னு இப்பத்தான் மேல சொல்லிட்டு வரேன். அது போதுமே."

"முத்திரை அம்மையத் தடுக்குமா?"

"அந்தப் பொண்ணே இருக்கேங்குது. நாமளா புடிச்சு வெச்சிருக்கோம்? ரெண்டு பேரை வெச்சுக்கிட்டு ராத்திரி பகலா எப்படிச் சமாளிப்பீங்க? ஒருத்தருக்கு அறுபது வயசு."

"அறுபத்திரண்டு. ரெண்டு பேர்னு போய்ச் சொல்லுங்க."

"ஏன் குறைஞ்சுதுன்னு கேப்பாங்க."

"பென்ஹாலோ தப்பா எழுதிட்டான்னு சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசுங்கம்மா. இருபத்தாறு வருஷமா உங்க ஏட்டுல ஒரு அடித்தல் கிடையாது."

"இனிமே ஒன்னு இருக்கும்," என்று சொல்லி, பேனாவை எடுத்து அவர் எதிரிலேயே தாமசினின் வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் அது உலரும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

தாமசின் அசையவில்லை.

"அடிச்சுக்குங்க," என்றாள். "நான் போகல. எம்புருஷன் மேசை மேல கத்திக்கிட்டு கெடந்தப்போ ஒரு வைத்தியர் வந்தார்னா அது அவங்க அனுப்பினது. அவங்க கெடக்குறப்போ நான் மூட்டை கட்டிக்கிட்டுப் போறதா? பெரிய வீட்டுப் பொண்ணுங்கல்லாம் வண்டி வண்டியா ஓடுறாங்க, பாத்தீங்கதானே."

"ஓடல. போகச் சொன்னதால போறாங்க."

"ரெண்டு நாள் தொட்டாச்சு. வர்றதா இருந்தா வந்தாச்சு. இனிமே போய் என்ன?"

"ரெண்டு நாள் தொடுறதும் பத்து நாள் தொடுறதும் ஒன்னில்ல. வராமயும் போகலாம். அந்தக் கொஞ்சத்தையும் ஏன் கெடுத்துக்கணும்?"

"பிள்ளைங்ககிட்டப் போக மாட்டேன். இங்கேயே கெடக்கேன். யாருக்கும் தொந்தரவில்ல."

எனக்குக் கோபம் வந்தது. "நன்றி, நன்றிங்கற," என்றேன். "அவங்க உங்கிட்ட என்ன கேட்டாங்க? தாமசின் தேய்ச்ச உறைதான் வேணும்னு கேட்டாங்களா? இத்தனை வருஷத்துல உங்கிட்ட அவங்க கேட்டது ஒன்னே ஒன்னு. அம்மை காணாதவ இங்க நிக்கக் கூடாது. அதைச் செய்ய மாட்ட. உனக்குப் பிடிச்ச மாதிரிதான் அவங்களுக்குச் சேவகம் பண்ணுவ. அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி பண்ண மாட்ட."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாசலில் கிரிசெல் வந்து நின்றிருந்தாள். ஈரத் துடுப்பு இன்னும் கையில் இருந்தது.

"அடியே," என்றாள் கிரிசெல், "நீ செத்தா அவங்களுக்குச் சேதி போகாதுன்னு நெனச்சியா? அடுப்படியில பூனை நொண்டினாக்கூடக் கேட்டனுப்புறவங்க. காய்ச்சல் விட்டு எழுந்து ஒக்காந்ததும் மொதக் கேள்வி, என் துணியால யாருக்கு வந்துச்சுன்னுதான் இருக்கும். அப்ப யாரு போய்ச் சொல்றது? நானா? இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நல்ல சேதியே சொல்ல முடியல."

தாமசின் சிரிக்கத் தொடங்கி, அப்படியே அழுதுவிட்டாள். கிரிசெல் துடுப்பைச் சுவரில் சாய்த்தாள். தாமசின் முகத்தை முழங்கையில் துடைத்துக்கொண்டாள்.

"இந்த உறை ஒன்னு பாதியில நிக்குது," என்றாள். "இது சுத்தமான துணிதான். புதன்கிழமை வெளுத்தது. முடிச்சுட்டுப் போகட்டுமா?"

மணி பத்தே முக்கால். அந்த உறை புதன்கிழமை அடுக்கில் இருந்ததுதான் என்பதை நான் குறியைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். "முடி," என்றேன்.

அவள் முடித்தாள். பின்னலின் ஒவ்வொரு வளைவையும் விரல் நுனியால் இழுத்துவிட்டு, பெட்டியின் முனையால் தொட்டாள். நான்காக மடித்து, என் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு விலகினாள். அந்த உறை அன்று பிற்பகல் மேலே போனது.

அவளை டெப்ட்ஃபர்டுக்கு, பிள்ளைகளிடம், அனுப்ப முடியாது. செல்சியில் எனக்குத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவரின் மனைவி இருந்தாள். கணவனை இழந்தவள், இளமையிலேயே அம்மை கண்டவள். அவளுடைய ஆப்பிள் கிடங்கை அடுத்து ஓர் அறை காலியாக இருந்தது. நாற்பது நாள் தாமசின் அங்கே இருக்க வேண்டும், வேலியைத் தாண்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அணிந்திருந்த உடையைக் கொப்பரையில் போட்டுவிட்டு, என் பழுப்புக் கம்பளி அங்கியை அவளுக்குக் கொடுத்தேன். அவளுக்கு அது நீளம். பதினொன்றரை மணிக்குக் காய்கறி வண்டி அவளை ஏற்றிச் சென்றது.

அதன்பின் நடந்தது நாடறிந்தது. ஞாயிறன்று, பெரியம்மை அல்ல, வெறும் தட்டம்மைதான் என்று ஒரு மருத்துவர் சொன்னதாகச் செய்தி வந்தது. கிரிசெல் அடுப்பங்கரைக்குப் போய்க் கிறிஸ்துமஸ் கூழில் உலர்திராட்சை கூடப் போடச் சொன்னாள். மறுநாள் அந்த நம்பிக்கை போயிற்று. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை விரிப்புகள் இறங்கி வந்தன. கிரிசெல் நனைத்தாள், நான் பிழிந்தேன். பிழிய முடியாதபோது இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினோம். விரிப்புகளில் நூல் துண்டுகள் இல்லை. நூலை முடிந்த அந்தக் கை ஓய்ந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. கிரிசெலும் தேடினாள்.

டிசம்பர் 28ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, விடியுமுன் அரசியார் இறந்தார். வயது முப்பத்திரண்டு. ஆறு ஆண்டுகள்கூட முழுதாக ஆளவில்லை. அரியணை இழந்த தந்தையின் இடத்தில் அமர்ந்தவர் என்று பழித்தவர்கள் உண்டு. அந்தப் பழியைச் சுமந்துகொண்டே, ஒருவரையும் பழிக்காமல், தாம் செய்ய வேண்டியதைச் செய்தார். அவ்வளவு ஒழுங்கான ஒருவரை நான் அதற்குமுன் கண்டதில்லை, பின்னும் காணவில்லை.

30ஆம் தேதி, ஞாயிறு, பிற்பகலில் செல்சிக்கு நடந்து போனேன். கிடங்கு வேலிக்கு வெளியே ஏமஸ் கோப் கவைக்கோலில் சாய்ந்து நின்றிருந்தான். தாமசின் இருபது அடி தள்ளி, என் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நாள் மூத்தவளே," என்று கூவினான் அவன், "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். ஆப்பிள், ஆப்பிள், அப்புறம் ஆப்பிள்."

"எங்கிட்ட வாயேன். எனக்குத்தான் கப்பல்லயே அம்மை வந்து போச்சே."

"நீ வீட்டுக்குப் போய்ப் பிள்ளைங்களத் தூக்குவ. அங்கேயே நில்லு."

"ஒத்தக் கால்ல எவ்வளவு நேரம்டி நிக்கிறது?"

"உக்காந்து பேசு. யாரு வேணாங்குறா?"

அவன் கல்லின் மேல் உட்கார்ந்தான். என்னைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தான். "அந்த அம்மா இல்லாம கிரீனிச் வீடு எழும்புமாம்மா?" என்று மெல்லக் கேட்டான். தெரியாததை நான் சொல்வதில்லை, தெரியாது என்றேன்.

ஜனவரி 3ஆம் தேதி தாமசினுக்குக் காய்ச்சலும் முதுகுவலியும் கண்டதாகச் செல்சியிலிருந்து செய்தி வந்தது. அவள் துணியைத் தொட்டதிலிருந்து பதினான்காவது நாள். அம்மை வெளிப்படும் முறை அதுதான். நான் அன்றே போனேன். வீட்டுக்காரி வாசலில் நின்று, "முகத்துல ஒன்னுமில்ல, கையில ஒன்னுமில்ல, வாய்க்குள்ள பாத்தேன், அங்கேயும் இல்ல," என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் தாமசின் தும்ம ஆரம்பித்தாள். வெறும் சளிக் காய்ச்சல். அந்த மூன்று நாளில் நான் துணி அலமாரியை இரண்டு முறை முழுவதும் கலைத்து அடுக்கினேன். அதற்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை.

ஜனவரி 31ஆம் தேதி நாற்பது நாள் முடிந்தது. உடலில் ஒரு புள்ளியும் இன்றி அவள் பிள்ளைகளிடம் போனாள். மார்ச் 5ஆம் தேதி அரசியாரின் இறுதி ஊர்வலம் வைட்ஹால் அரண்மனையிலிருந்து போனபோது, மெல்லிய பனித்தூறலில், கறுப்புத் துணி போர்த்திய தடுப்பு வேலிக்கு இப்பால் அவளும் ஏமஸும் கிரிசெலும் நானும் நின்றோம். நாடாளுமன்றத்தார் அனைவரும் பின்னால் நடந்தார்கள். கிரிசெல் வாய் திறக்காமல் நின்றதை நான் அன்று ஒருநாள்தான் பார்த்தேன். கிரீனிச் இல்லத்தை அவர் நினைவாகக் கட்டி முடிக்க அரசர் உறுதி கொண்டுவிட்டார் என்று அதற்குள் ஊரெங்கும் பேச்சாகியிருந்தது.

அரசியாரின் பணியாளர்கள் என்ன ஆவது என்பதை மார்ச் 11ஆம் தேதி, திங்கட்கிழமை, அரண்மனை நிர்வாகிகள் நால்வர் கூடி ஆராய்ந்தார்கள். தாமசின் கோப் தவறான சான்றின் பேரில் வேலைக்கு வந்தவள், ஆகவே நீக்கப்பட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சான்றை ஆராயாதது என் குற்றம் என்று நான் எழுந்து சொன்னேன். அடிக்கப்பட்ட வரியை வாரிங் அவர்களுக்குக் காட்டினார். முக்கால் மணி நேரம் பேசினார்கள். முடிவு பின்வருமாறு எழுதப்பட்டது.

டிசம்பர் 22ஆம் தேதி அரசியாரின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து வெளியேறிய எவரிடமும், அவர் எப்படி வேலைக்கு வந்தார் என்று இனிக் கேட்கப்பட மாட்டாது. தாமசின் கோப் ஏப்ரல் முதல் தேதி முதல் ஹாம்ப்டன் அரண்மனையின் மேசைத் துணிகளுக்கு இஸ்திரி போடும் வேலையில் அமர்த்தப்படுவாள். படுக்கைத் துணியைத் தொட மாட்டாள். கிரிசெல் டாப் கென்சிங்டனில் தொடர்வாள். வேலைக்கு வருபவர் கொண்டுவரும் கடிதத்தில் பிறந்த ஆண்டும் அம்மை கண்ட ஆண்டும் சேர்த்து எழுதப்பட வேண்டும். அதே பெயரில் முன்பிறந்த குழந்தை இறந்ததுண்டா என்று கேட்டுப் பதிய வேண்டும். உர்சுலா பென்ஹாலோ துணிப் பொறுப்பில் தொடர்வாள்; பணியாளர் பதிவேடு அவளிடமிருந்து எடுக்கப்பட்டு எழுத்தர் வாரிங்கிடம் ஒப்படைக்கப்படும்.

பதிவேட்டை அன்று மாலை நான்கு மணிக்கு ஒப்படைத்தேன்.